வாடகைக்குப் பிடித்த தாய்வீடு

கொளவாய் ஏரி தளும்பி, தண்டவாளத்தின் மேல் தண்ணீர் நின்று, செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் இரண்டு நாள் ஓடாமல் போனதே ஒரு மழை. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அந்த மழையைச் சொல்வார்கள். யார் வீட்டில் எத்தனை படி தண்ணீர் ஏறியது, யார் மாடு போயிற்று என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். எனக்கு அது வேறு விதமாக நிற்கிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் என் மகள் எனக்குப் போன் பண்ணினாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "நைனா, எனக்கு அஞ்சு மாசம். பிரசவத்துக்கு வூட்டுக்கு வரட்டா?" என்றாள்.

மழை ஓட்டுக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. "இன்னா சொன்ன, கேக்கல" என்றேன். கேட்டிருந்தது. இன்னொரு தரம் அவள் வாயால் கேட்க ஆசை. மறுபடியும் அதையே சொன்னாள். "வா" என்றேன். அதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுவேன், அதுவும் படம் வரைகிற மாதிரிதான். பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சிநேகிதர் ஒருவர், நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறார். நான் பேசுகிறபடியே போட்டால் படிக்கிறவர்களுக்குக் கஷ்டம் என்று திருத்தி எழுதுகிறார். மற்றவர்கள் பேசியதை மட்டும் திருத்தாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். நான் வழி மாறிப் போனால் தொடையில் தட்டுவார். இப்போதே ஒரு தரம் தட்டிவிட்டார்.

என் தொழில் சாரம் கட்டுவது. கட்டடம் எழும்பும்போது வெளிப்பக்கத்தில் சவுக்குக் கம்பம் நட்டு, குறுக்கே கம்பம் வைத்துக் கயிற்றால் கட்டி, கொத்தனாரும் பெயிண்டரும் நிற்கப் பலகை போட்டுக் கொடுப்போம். கடலோரத்து மணலில் வளர்கிற சவுக்கு நேராக நிற்கும், அதைத்தான் எடுப்போம். கல்பாக்கம் குவார்ட்டர்ஸ் தொடங்கி மறைமலை நகர் வரைக்கும் நான் கட்டாத சாரம் இல்லை. இப்போது இரும்புக் குழாய் வந்துவிட்டது, வரட்டும், விழுகிறவன் குறைவு. நான் சொல்ல வந்தது வேறு. முப்பது வருஷம் ஜன்னலை வெளியிலிருந்தே பார்த்தவன் நான். கண்ணாடி போட்டதும் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். அப்புறம் உள்ளே யார் வருகிறார்கள், கட்டிலை எந்தப் பக்கம் போடுகிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே. ஓட்டு வீடு, முன்னால் மட்டும் தளம் போட்டிருக்கிறேன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் என் தம்பி வீடு. தெருவில் வரிசையாக ஏழு வீடு பங்காளிகள். எங்களுக்கு ஒரே மகள். படித்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே கூட வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டாள். அவன் நம்ம ஜனம் இல்லை, நம்ம பாஷையும் இல்லை. அவள் எதையும் மறைக்கவில்லை. முன்னாலேயே ஊருக்கு வந்து, நான் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து சொன்னாள். நான் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். அதுதான் நான் சொன்ன பதில்.

பங்காளிகள் கூடினார்கள். எங்களுக்கெல்லாம் மூத்தவர், என் பெரியண்ணன், "அவ இந்தத் தெருவுல கால் வெக்கக் கூடாது" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். என் தம்பி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் குழந்தை இல்லை. என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு திரிந்தவன் அவன்தான்.

இப்போது அவளிடம் "வா" என்று சொல்லிவிட்டேன். எங்கே வா?

பையனுக்குத் தாய் இல்லை. பெங்களூரில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது யார் சொல்லியும் வருவதில்லை, அது எல்லோருக்கும் தெரிந்தது. என் சம்சாரம், "வரட்டும், யாரு இன்னா பண்ணிடுவாங்க" என்றாள். அவளுக்குப் பயமே கிடையாது. எனக்குத்தான். எண்பதடி உயரத்தில் ஒற்றைக் கம்பத்தில் நின்றவன் நான், பெரியண்ணன் வீட்டைத் தாண்டத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த வழியைக் கண்டுபிடித்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் சம்சாரத்துக்கு முழங்கால் வலி உண்டு. கொஞ்சம்தான். அதைப் பெரிதாக்கி, ஆஸ்பத்திரியில் தினமும் கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள், நாலு மாசம் செங்கல்பட்டிலேயே தங்க வேண்டும் என்று தெருவில் சொன்னேன். அங்கே ஒரு வீடு பிடித்து, அதில் மகளை வைத்துப் பிரசவம் பார்த்து அனுப்பிவிடலாம். இங்கே ஒருவருக்கும் தெரியாது, அங்கே அவளுக்கும் குறை இருக்காது.

ஆனால் வீடு பிடித்தால் சாமான் வேண்டுமே. பீரோவையும் கட்டிலையும் டெம்போவில் ஏற்றினால் தெருவே வந்து நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் பீரோவைத் தூக்கிக்கொண்டு போவானா? இரண்டு பை, ஒரு தண்ணீர் கேன், அவ்வளவுதான் எடுக்கலாம். அதற்குத் தோதாக, எல்லாமே உள்ளே இருக்கிற வீடாக இருக்க வேண்டும். அப்படியும் வீடு விடுகிறார்கள் என்று புரோக்கர் ஒருவன் சொன்னான்.

"துணிமணி மட்டும் எடுத்துகினு வா பெரியவரே. ஸ்பூன் மொதக்கொண்டு உள்ள கீது."

"பாய் கீதா?"

"கட்டில் கீதுன்றேன், பாய் கேக்குற."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து மூன்று வீடு காட்டினான். முதல் வீடு கறிக்கடைக்கு மேலே. பிள்ளைத்தாய்ச்சி அந்த வாடையில் இருக்க முடியாது. இரண்டாவது வீட்டில் காற்றே இல்லை. மூன்றாவது, ரயில்வே லைன் பக்கம் ஒரு அப்பார்ட்மெண்ட், மூன்றாம் மாடி. கீழே நின்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதற்குச் சாரம் கட்டியது நான். பின்பக்கத்து சன்ஷேடில் உட்கார்ந்து எத்தனையோ நாள் சோறு தின்றிருக்கிறேன். புரோக்கரிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. வாடகை குறைக்கப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே போனபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சோபா, டிவி, ஏசி, துணி துவைக்கிற மெஷின், கண்ணாடி போட்ட டீப்பாய், சுவரில் ஒரு பூச்சாடி படம். ஜன்னலுக்கு உள்பக்கம் திரை. நான் வெளியே நின்ற இடத்துக்கு நேர் உள்ளே ஒரு கட்டில்.

வீட்டுக்கார அம்மா வெளிநாட்டில் இருந்தார். போனில் முகம் பார்த்துப் பேசினார். நல்ல அம்மா. எந்த சுவிட்ச் எதற்கு என்று அங்கிருந்தே சொன்னார். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மேலே ஓட்டை போடக் கூடாது என்று. யார் யார் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். நானும் சம்சாரமும், மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். கூடப் பிறந்தவர்களிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவன், முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அப்போது அது உறைக்கவில்லை.

தை பிறந்ததும் குடி போனோம். என் சம்சாரம் தாய்வீட்டுச் சீராக வந்த பித்தளைப் பாத்திரத்தைப் புடவைக்குள் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தாள், பால் காய்ச்சுவதற்கு. அந்த வீட்டு அடுப்பு நெருப்பில்லாத அடுப்பு, கரண்ட் அடுப்பு, மேலே கண்ணாடி. பாத்திரத்தை வைத்தாள். அது கீ கீ என்று கத்தியது, பால் சூடாகவில்லை. எடுத்து வைத்தாள், மறுபடியும் கத்தியது. புரோக்கர் வந்து பார்த்தான். பித்தளைக்கு அது சூடாகாது, அலமாரியில் இருக்கிற பாத்திரத்தை வைக்கச் சொன்னான். என் சம்சாரம் முடியாது என்றாள். இன்னொருத்தி பாத்திரத்தில் பால் பொங்கினால் அது இன்னொருத்தி வீடுதானே என்பது அவள் கட்சி.

கடைசியில் கீழே போய் வாட்ச்மேன் அறையில், அவன் சம்சாரத்தின் கேஸ் அடுப்பில் வைத்துப் பொங்க விட்டோம். அந்தப் பெண், "எங்க வூட்லயும் இன்னிக்குப் புதுப் பால்" என்று சிரித்தாள். பாத்திரத்தைத் துணியால் பிடித்து லிஃப்டில் மேலே கொண்டு போனோம். பால் பொங்கியது கீழே, குடியேறியது மேலே. அது சரியா தப்பா என்று என் சம்சாரம் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாசம் மகள் வந்தாள். மருமகன் காரில் கொண்டுவந்து விட்டார். உயரமான பையன். "மாமா" என்று கூப்பிட மட்டும் தமிழ் கற்றுக்கொண்டு வந்திருந்தார். மீன் குழம்பை உறைக்க உறைக்கச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் வேலைக்குத் திரும்பிவிட்டார். போகும்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அவர் கல்யாணத்துக்கே போகாதவன்.

மகள் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். வயிறு முன்னால் போக அவள் பின்னால் போனாள். "ஊர்ல வூட்டுக்கு இன்னா ஆச்சி நைனா?" என்று கேட்டாள். இங்கே ஆஸ்பத்திரி பக்கம், லிஃப்ட் இருக்கிறது, உட்கார்ந்து போகிற கக்கூஸ் இருக்கிறது என்றேன். நம்பினாள். எனக்காக இவ்வளவு செய்தாயா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டேன்.

அந்த ஒரு மாசம் போல ஒரு மாசம் என் ஆயுசில் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சோபாவுக்கு மேல் எங்கள் துண்டை விரித்துத்தான் உட்காருவோம். வீட்டுக்கார அம்மாவின் மெத்தை திண்டுகளையெல்லாம் அழுக்காகிவிடும் என்று பரணில் ஏற்றிவிட்டோம். கட்டில் மகளுக்கு, நாங்கள் கீழே. அவள் திட்டுவாள். வாடகை கொடுக்கிறோம், நன்றாகச் சாய்ந்து உட்கார் என்பாள். நான் சாய்ந்து உட்கார்ந்ததும் வீங்கின காலைத் தூக்கி என் மடியில் போடுவாள். ரயில் போகிற சத்தம் கேட்கும். சாயங்காலம் பால்கனியில் நின்றால் வேடந்தாங்கல் பக்கம் பறவைகள் கோடு கோடாகப் போகும். அவள் எண்ணுவாள், பாதியில் விட்டுவிடுவாள். நான் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, எந்தக் கட்டடத்தில் யார் விழுந்தான், யார் பிழைத்தான் என்று பழைய கதையெல்லாம் சொல்வேன். அவள் சின்ன வயசில் நான் விடிகாலை போய் இருட்டி வருவேன். அவளோடு அத்தனை நேரம் உட்கார்ந்ததே அப்போதுதான்.

வளைகாப்பு நடத்தினோம். வளையல் போட இரண்டே பேர், வாட்ச்மேன் சம்சாரமும் எதிர்வீட்டு டீச்சரும். மகள், "சித்தி எங்க? சித்தப்பா வரலியா?" என்று கேட்டாள். வேலை என்று சொன்னேன். அப்புறம் வருவார்கள் என்றேன். அதையும் நம்பினாள்.

மாசி மாசம் ஒரு காலையில் வாட்ச்மேன் மேலே வந்து, என் தம்பி என்று சொல்லி ஒருவர் சம்சாரத்தோடு வந்திருக்கிறார் என்றான். நான் சாரம் கட்டின கட்டடத்தில்தான் தங்குகிறோம் என்று பெருமைக்கு அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் படியில் ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். தம்பி கையில் ஒரு பை. முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணிக்கு முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்திருந்தான்.

"எந்த மாடிண்ணே?" என்றான்.

"அவ ஆஸ்பத்திரிக்குப் போய்கீறா. வூடு பூட்டிக் கீது" என்றேன்.

அவன் என் காலைப் பார்த்தான். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தேன். பூட்டின வீட்டிலிருந்து யாராவது வெறுங்காலோடு வருவார்களா? அவன் சம்சாரம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பஸ் மாறி வெயிலில் வந்தவர்கள். வாட்ச்மேன் பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவள் குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், அந்நியர் வீட்டில் செய்கிற மாதிரி.

தம்பி பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டடத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தான். "எம்மாம் ஒசரம். இதுக்கா நீ சாரம் கட்ன?" என்றான். ஆமாம் என்றேன். போய்விட்டார்கள்.

மேலே வந்தேன். மகள் பால்கனியில் இருந்தாள். துவைத்த துணி பாதி கொடியில், பாதி பக்கெட்டில். மூன்றாம் மாடிக்குப் பேச்சு கேட்காது. கேட்க வேண்டியதும் இல்லை. சித்தப்பாவை நான் கேட்டிலேயே நிறுத்தி, சித்திக்கு வாட்ச்மேன் பானையிலிருந்து தண்ணீர் கொடுத்து, திருப்பி அனுப்பினதை அவள் நின்று பார்த்திருந்தாள். மெதுவாக உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"இந்த வூட்ட எனக்காவா புடிச்ச நைனா?"

"ஆமா."

"நான் சவுரியமா இருக்கணும்னா, இல்ல நான் யாரு கண்லயும் படக் கூடாதுன்னா?"

சமையல் அறையில் என் சம்சாரம் தண்ணீர்க் குழாயை மூடினாள். நான் கையில் முருங்கைக்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நான் வூட்டுக்கு வரட்டான்னு கேட்டேன்" என்றாள். "வாடக வூடு பெங்களூர்லயே கீதே."

அவ்வளவுதான். சண்டை போடவில்லை, அழவில்லை. என் கையிலிருந்து பையை வாங்கி, முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்து, பிஞ்சாக இருக்கிறது என்று அம்மாவிடம் கொடுத்தாள். கிளம்புகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்த மாசத்தில் எங்கே கிளம்ப முடியும்? சாயங்காலம் நான் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அவள் காலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பங்குனியில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. என் கையில் கொடுத்தபோது கண்ணைத் திறக்காமலே கொட்டாவி விட்டது. மருமகன் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார்.

தாய்வீட்டில் தூளி கட்டாமல் எப்படி என்று என் சம்சாரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஊர் வீட்டில் உத்திரம் இருக்கிறது, புடவையைப் போட்டு முடிந்தால் முடிந்தது. அந்த அப்பார்ட்மெண்டில் என்னென்னவோ இருந்தது, தூளி கட்ட ஒரு கொக்கி இல்லை. ஓட்டை போடக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஃபேன் கொக்கியை நம்ப முடியாது. ஸ்டேண்டு ஆர்டர் பண்ணினால் இரண்டு நாளில் வந்துவிடும் என்று மகள் சொன்னாள். கொஞ்சம் பொறு என்றேன்.

தெரிந்தவர் ஒருவரின் கம்பம் அடுக்குகிற இடத்துக்குப் போய் ஐந்து சவுக்குக் கம்பம் பொறுக்கி எடுத்து, அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தேன். லிஃப்ட்டில் நிற்கவில்லை. தோளில் வைத்துப் படியேறினேன். அசோசியேஷனில் கேட்பார்கள் என்று வாட்ச்மேன் பின்னாலேயே வந்தான். கேட்டால் சாரக்காரன் சாரம் கட்டுகிறான் என்று சொல் என்றேன். ஹாலில் சோபாவை ஓரம் தள்ளி, இந்தப் பக்கம் இரண்டு கம்பம், அந்தப் பக்கம் இரண்டு கம்பம், தலையில் பெருக்கல் குறி மாதிரி கட்டி, மேலே ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, கால்கள் விரியாமல் கயிறு இழுத்துக் கட்டினேன். டைல்ஸில் கீறல் விழாமல் இருக்கக் கால்களுக்குக் கோணியும் பழந்துணியும் சுற்றினேன். சுவரைத் தொடவில்லை, கூரையைத் தொடவில்லை. என் ஆயுசில் கட்டடத்துக்கு உள்ளே கட்டின சாரம் அது ஒன்றுதான்.

கட்டி முடித்துவிட்டு, தாங்குமா என்று பார்க்க நானே குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கினேன். எழுபதைத் தொடப் போகிற கிழவன், ஏசி ஹாலில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. மகள் சிரித்துவிட்டாள். தம்பி வந்துபோன அந்தக் காலைக்கு அப்புறம் முதல் தரம்.

"எறங்கு நைனா. கொழந்த பாத்தா பயந்துக்கப் போவுது" என்றாள்.

வீட்டுக்கார அம்மாவிடம் என் சம்சாரம் போனைப் பிடித்து அதைக் காட்டினாள். அந்த அம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் கிட்டே போய்க் காட்டச் சொன்னார். குழந்தை பழம்புடவைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

முப்பது நாளைக்கு மேல் அந்தத் தூளியை ஆட்டினேன். ஆட்டுவது என் வேலை, மற்றவர்களிடம் விடமாட்டேன். மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேசுவாள், குழந்தையைப் பற்றிப் பேசுவாள். சித்தப்பாவைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். நான் சொல்லியிருக்கலாம். அத்தனை நாளில் ஒரு நாள், தப்புப் பண்ணிவிட்டேன், கிளம்பு, ஊருக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தூளியை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தைந்தாம் நாள் மருமகன் கார் கொண்டுவந்தார். வீட்டுக்குப் பேசின நாலு மாசமும் முடிகிற வரைக்கும் இருப்பாள் என்று நினைத்திருந்தோம். லீவு இல்லை, போக வேண்டும் என்றாள். பையெல்லாம் ஏற்றியாயிற்று. குழந்தையோடு காரில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"நம்ம தெரு வழியா ஒரு தபா போய்ட்டுப் போறேன் நைனா. எறங்க மாட்டேன். கார்லயே கீறேன். கொழந்தைக்கு வூட்டக் காட்டிட்டுப் பூட்றேன்."

பெங்களூருக்குக் காஞ்சிபுரம் ரோடு, எங்கள் ஊர் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். "வெயில் ஏறிப்போச்சி. சுத்து வழி. அடுத்த தபா பாக்கலாம்" என்றேன்.

அவள் குழந்தையின் துணியை இழுத்துவிட்டாள். "சரி நைனா" என்றாள். கண்ணாடி ஏறியது. கார் காஞ்சிபுரம் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

மேலே போய்ச் சாரத்தைப் பிரித்தேன். கயிறு அவிழவில்லை, கத்தியால் அறுத்தேன். பேசின மாசம் முடிய இன்னும் நாள் இருந்தது. உடனே ஊருக்குப் போனால் கேள்வி வரும் என்று அந்த நாளையும் அங்கேயே ஓட்டினோம். சோபா இருந்தது, டிவி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தோம். ஊருக்குத் திரும்பியதும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். என் சம்சாரம் தேவலை என்றாள். பெரியண்ணன்கூடக் கேட்டார்.

மூன்று வருஷம் ஆயிற்று. மகள் போன் பண்ணுகிறாள். குழந்தை இரண்டு பாஷையைக் கலந்து பேசுகிறது. என் சம்சாரம் ஒரு தரம் பெங்களூர் போய் வந்தாள். நான் போகவில்லை, எந்த முகத்தோடு போவது? மகள் வரவில்லை. பொங்கலுக்கு வாயேன் என்றால், "பாக்கலாம் நைனா" என்பாள். நான் அன்றைக்கு அவளிடம் சொன்னதும் அதுதான், பாக்கலாம்.

போன வருஷம் தம்பியும் நானும் சவுக்குத் தோப்பில் கம்பம் பார்க்கப் போயிருந்தோம். அங்கே வைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் பொய்யிலிருந்து தூளி வரைக்கும். அவன் பட்டையை உரித்துக்கொண்டே கேட்டான்.

"தெரியும்ணே" என்றான். "அன்னிக்கே பாத்தேன். மேல பொண்ணு துணி காயப் போட்டுகினு இருந்துது. வயிறு தெரிஞ்சிது."

"பின்ன ஏன்டா கேக்கல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ல இவ அழுதுகினே வந்தா. கொழந்தயக் கண்ணுலயாவது காட்டியிருக்கலாம்ணே."

அன்றைக்கே தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். ஏழு வீட்டிலும் சொன்னேன். என் மகளுக்குப் பெண் குழந்தை இருக்கிறது, இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான்தான் மறைத்து வைத்தேன், அவள் வரும்போது என் வீட்டுக்குத்தான் வருவாள் என்று. இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். மற்றவர்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள். பெரியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரைக்கும் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருந்தால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை. இந்த ஒன்றும் ஆகாததற்குத்தான் அவ்வளவு பயந்தேன்.

மகளுக்கும் போனில் சொன்னேன். எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், வா என்றேன். அந்தப் பக்கம் குழந்தை எதையோ கேட்டது, அதற்குப் பதில் சொன்னாள். அப்புறம், "சரி நைனா, பாக்கலாம்" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வீடு பூட்டியிருக்கிறது, சித்தப்பாவுக்கு வேலை, அடுத்த தரம் பார்க்கலாம், எல்லாம் இந்த வாய் சொன்னதுதானே. இன்னொரு வாய் சொன்னால் நம்புவாளோ என்னவோ.

அதனால்தான் சிநேகிதரை உட்கார வைத்து எழுதச் சொன்னேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். படித்தால் அவளுக்குத் தெரியும். நீங்கள் பெங்களூரில் இருந்தால், இல்லை அந்தப் பக்கம் போகிறவர்களாக இருந்தால், எங்கள் பக்கத்துப் பேச்சு பேசுகிற ஒரு பெண், மூன்று வயசுப் பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரில் வந்தால், நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்க நைனா தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார், நாங்களும் அதைப் படித்தோம் என்று சொல்லுங்கள். காரை விட்டு இறங்கி, தெரு முனையிலிருந்து வீடு வரைக்கும் பட்டப்பகலில் நடந்தே வரச் சொல்லுங்கள். நான் கூட நடப்பேன் என்று சொல்லுங்கள்.